துரை இல்லாத ரப்பர்க்காடு

கோயிலில் யாராவது "ஒங்க மக என்னா வேல பாக்குது?" என்று கேட்டால் ராஜம்மா உடனே பதில் சொல்லிவிட மாட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேட்டவரைக் கொஞ்சம் காக்க வைத்து, "ராஜ்ஜியம் கட்டுது" என்பார். கேட்டவர்கள் விழிப்பார்கள். அந்த விழிப்பைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மகள் நர்மதா சிங்கப்பூருக்கு எதிர்க்கரையிலுள்ள ஜொகூர் பாருவில் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவர்கள் செய்வது சரித்திர விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு பழைய நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து, கல்லாயுதக் காலத்திலிருந்து நீராவி எந்திரக் காலம் வரைக்கும் அதை வளர்த்துக்கொண்டு போக வேண்டும். காடு திருத்த வேண்டும், நகரம் எழுப்ப வேண்டும், பக்கத்து நாட்டுக்காரன் அசந்திருக்கும் நேரம் பார்த்து அவன் தலையில் கல்லைப் போட வேண்டும். எகிப்து, ரோம், சீனம், சோழம் என்று நாகரிகங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசர், ஒரு படை, ஒரு கட்டடம், வேறு எவருக்கும் இல்லாத ஒரு திறமை வேண்டும். அதையெல்லாம் யோசித்து, படித்து, வரைந்து, ஆடிப்பார்த்துச் சேர்ப்பதற்குப் பெயர்தான் நாகரிகத்தை வடிவமைப்பது.

தலைமை அலுவலகம் ஐரோப்பாவில் இருக்கிறது. அரசர்களெல்லாம் அங்கேதான் பிறப்பார்கள். ஜொகூர் கிளைக்கு வந்து சேர்வது வேலி, படகு, கோழிக்கூண்டு. நர்மதா அந்தக் கிளையில் சேர்ந்து பல வருடம் கோழிக்கூண்டுதான் வரைந்தாள். ரோமாபுரிக் கோழிக்கூண்டுக்கும் சீனத்துக் கோழிக்கூண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளைக் கேட்டால் சாப்பாட்டை மறந்து பேசுவாள். ஆனாலும் மனதுக்குள் ஒரு பொருமல் இருந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு நாகரிகத்தையாவது தலையிலிருந்து கால்வரை தானே செய்துவிட வேண்டும் என்று.

அவள் பிறந்தது சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ராஜம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். இருட்டு விலகுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் போய் நின்று, கங்காணி பேர் கூப்பிட்டதும் தன் மரவரிசையான நிரைக்கு ஓடி, வெயில் ஏறுவதற்குள் மரம் மரமாக வெட்டி, பிறகு மங்கு என்ற கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்து வருவார். தோட்டம் ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தாயும் மகளும் ஜொகூர் பாரு பக்கம் தம்போய்க்கு வந்தார்கள். அங்கே ராஜம்மாவுக்குக் கிடைத்த வேலை கையுறைத் தொழிற்சாலையில். ரப்பர் அவரை அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

ராஜம்மா தோட்டத்தை நினைத்து ஏங்குவார் என்று இதைப் படிக்கிறவர்கள் யாரும் எண்ணிவிட வேண்டாம். அவருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு துளி பாசமும் கிடையாது. யாராவது அந்தக் காலத்துத் தோட்டத்து வாழ்க்கையைப் புகழ ஆரம்பித்தால், "ஆமா, கொசுக்கடியும் அட்டக்கடியும் ரொம்ப நல்லாத்தான் இருந்திச்சி. நீங்க போயி இருந்துட்டு வாங்களேன்" என்று வெட்டிவிடுவார்.

நர்மதாவுக்குத் தோட்டம் பற்றி இருந்தது ஏக்கம் அல்ல, ஒரு முள். அது குத்தியது பள்ளிக்கூடத்தில். சரித்திர வகுப்பு ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார்: ரப்பர் விதை டிபாவா மாசுக், அதாவது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அடுத்த வரியில், தோட்டத்தில் வேலை செய்ய இந்தியர்கள் டிபாவா மாசுக். ஆசிரியர் கெட்டவர் இல்லை, உள்ளதைத்தான் எழுதினார். ஆனால் விதையையும் தன் பாட்டன் பூட்டனையும் ஒரே கப்பலில் ஏற்றி இறக்கியதுபோல் அந்த இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதை நர்மதா மறக்கவே இல்லை. படித்து முடித்து, சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வந்த வருடங்களிலும், பிறகு ஜொகூர் பாருவிலேயே கிளை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்த பிறகும், அந்த இரண்டு வரிகள் அவளோடேயே வந்தன.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பழைய நாகரிகம் ஒன்று புதிதாகச் சேர்க்க வேண்டும். எல்லாக் கிளைகளும் யோசனை அனுப்பலாம் என்றார்கள். நர்மதா தேடித் தேடிப் படித்தாள். ஒரு மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கும்போது ஓல்மெக் என்ற மக்களைக் கண்டாள். மாயர்களுக்கும் முந்தியவர்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்பு, கடலோரச் சதுப்பு நிலத்தில் நகரம் கட்டி, ஆள் உயரத்தைத் தாண்டிய கல் தலைகளைச் செதுக்கி வைத்தவர்கள். தங்களை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓல்மெக் என்பது வெகுகாலம் கழித்து வேறொருவர் வைத்த பெயர். அதற்கு அர்த்தம், ரப்பர் நாட்டு மக்கள்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது. ரப்பர் நாட்டு மக்கள்! அவர்களை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. மரம் அவர்களுடையது. மண் அவர்களுடையது. பாலை எடுத்து ஒரு கொடியின் சாற்றைக் கலந்து உருட்டிப் பந்து செய்து, ஆடியிருக்கிறார்கள். ஊற்றுநீரில் சாமிக்குக் காணிக்கையாகவும் போட்டிருக்கிறார்கள். ரப்பரோடு வாழ்ந்தும் எவனுக்கும் கைகட்டி நிற்காத ஒரு கூட்டம் உலகத்தில் இருந்திருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த மக்களைத் தவிர வேறு எதையும் இனிச் செய்யப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

கிளையின் பொறுப்பாளர் கமலநாதனுக்கு அதில் உற்சாகம் இல்லை.

"மாயா செய்யலாம் லா. எல்லாருக்கும் தெரியும். இவங்களுக்கு ராஜா பேருகூடத் தெரியலங்கிறீங்க. பேரு இல்லாத ராஜாவ எப்டி விக்கிறது?"

"பேரு இல்லனா என்னா பாஸ்? தல இருக்குல்ல. அந்தக் கல்லுத் தலைய விட வேற எந்த ராஜாவுக்கு அவ்ளோ பெரிய மூஞ்சி இருக்கு?"

கமலநாதன் சிரித்துவிட்டார். சிரித்தவர் அனுப்பி வைத்தார். யாருமே எதிர்பார்க்காத விதமாக ஐரோப்பாவில் ஒத்துக்கொண்டார்கள். ஜொகூர் கிளைக்கு முதல்முதலாக ஒரு நாகரிகம் கிடைத்தது.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. எந்த நாகரிகமானாலும் வேலையாட்கள் பக்கத்தில் ஒரு மேற்பார்வை வீடு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர்கள் மெதுவாகிவிடுவார்கள். எகிப்துக்கும் அப்படித்தான், சோழனுக்கும் அப்படித்தான். நர்மதா தன் மக்களுக்குக் கொடுத்த தனித்திறமை இதுதான்: ஓல்மெக்குகளுக்கு மேற்பார்வை வீடு தேவையில்லை. அவர்களின் ரப்பர்க்காட்டில் யாரும் யாரையும் மேய்ப்பதில்லை. அவரவர் மரத்தை அவரவர் வெட்டுவார்கள், நகரம் தானாக வளரும். இதற்காக அவள் கணக்குப் போட்டு, ஆடிப்பார்த்து, தோற்று, மறுபடி மாற்றி, தலைமை அலுவலகத்துக்காரர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள். அந்த ஒரு விதியை விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

கல்லையும் பச்சைமணிக் கல்லையும் இறகுக் கிரீடத்தையும் பற்றி எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் தலைமை அலுவலகம் ஆலோசனைக்கு வைத்திருந்த சரித்திரப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தப்பைத் திருத்தி அனுப்புவார். இவளும் வாய் பேசாமல் மாற்றுவாள். ரப்பர் வெட்டும் பகுதியை மட்டும் அனுப்பவில்லை.

"ரப்பர் பார்ட்ட ப்ரொஃபசருக்கு அனுப்பலியா?" என்று கமலநாதன் கேட்டார்.

"ரப்பரப் பத்தி எனக்கா பாஸ் அவரு பாடம் எடுக்கப் போறாரு?"

கூட்டத்தில் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நியாயமான கேள்விதானே? விட்டுவிட்டார்கள்.

மரம் வெட்டும் அசைவைப் படம் பிடிக்க அவளுக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குவீட்டின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு தூணுக்குப் பழுப்புத் தாள் சுற்றி மரமாக்கினாள். அனிமேஷன் செய்யும் லோஷினி, இருபத்தைந்து வயதுப் பெண், இரண்டு பக்கமும் கேமரா வைத்தாள். ராஜம்மாவின் தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் வண்ணப் பொட்டுகள் ஒட்டினார்கள். கையில் ஒரு மரக்கரண்டி. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாள் எட்டிப்பார்த்து என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, அக்கா முறை வைத்து, "ஷூட்டிங் லா, காக்" என்று ராஜம்மா பெரிய நடிகை மாதிரி சொன்னார்.

பிறகு வெட்டினார். எத்தனையோ வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. குனிந்து, பட்டையில் சாய்வாக ஓர் இழுப்பு, மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்தல், அடுத்த மரத்துக்கு ஓட்டம். மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லோஷினி வாயைப் பிளந்தாள்.

நர்மதா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ம்மா, ஏன் ஓடுற?"

"ஓடாம? கங்காணி பாத்துட்டு நிப்பான்ல."

"இந்தக் காட்டுல கங்காணி கெடையாதும்மா."

"தொரை?"

"தொரையும் கெடையாது. மரம் இவங்களோடது."

ராஜம்மா கரண்டியை இறக்கினார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்போ பால யாருகிட்ட கொண்டுபோயி நிறுப்பாங்க?"

"யாருகிட்டயும் நிறுக்க வேணாம். அவங்களே பந்து செஞ்சி வெளாடுவாங்க."

"வெளாடுவாங்களா!" ராஜம்மா உரக்கச் சிரித்தார். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, "சரி, இப்ப எடு" என்றார்.

இரண்டாவது தடவை வெட்டியது வேறு ஓர் ஆள். நிமிர்ந்து நடந்து வந்தார். மரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நிதானமாக ஓர் இழுப்பு. வெட்டி முடித்ததும் ஓடவில்லை. புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். அங்கே இருந்தது அடுக்குவீட்டின் சிமெண்டுக் கூரைதான். இருந்தாலும் பார்த்தார். நர்மதா இதுதான் தன் நாகரிகம் என்று நினைத்தாள். மற்றதெல்லாம் கல்.

அன்றைக்கு லோஷினி கேட்கத்தான் செய்தாள். "அக்கா, அந்தக் காலத்துலயும் இப்டிச் சாய்ச்சிதான் வெட்டுனாங்களா?"

"பின்ன எப்டி வெட்டுவாங்க? இரும்பு கெடையாது, அதனால கத்திய எரிமலைக் கண்ணாடிக் கல்லுல மாத்திருக்கேன். மங்கு மண்ணுல. மத்தபடி ரப்பர் மரம் ரப்பர் மரம்தான்."

கத்தியை மாற்றினாள், மங்கை மாற்றினாள். வெட்டை மாற்றத் தோன்றவில்லை. ஓல்மெக்குகளின் மரம் நம் ஊர் மரம் இல்லை, வேறு ஜாதி என்று படித்தும் இருந்தாள். படித்ததைவிடப் பார்த்தது பெரிதாகத் தெரிந்தது. பெற்ற தாய் ஆயுசு முழுக்கச் செய்ததைப் புத்தகத்தில் போய்ச் சரிபார்ப்பார்களா? மற்ற எவளாக இருந்தாலும் பயந்துபோய் நாலு பேரைக் கேட்டிருப்பாள். தோட்டத்தில் பிறந்தவள் கேட்கவில்லை.

முன்னோட்டப் படம் வெளியானது. கல் தலை வந்தது, பந்தாட்டம் வந்தது, நடுவில் ரப்பர்க்காடு. அதில் ஒரு பெண் நிமிர்ந்து நடந்து வந்து, மரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்து, மங்கைத் திருப்பி வைத்து, அண்ணாந்து பார்த்தாள். முகம் வேறு, நடை ராஜம்மாவுடையது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியே வடிவமைத்தது என்று தலைமை அலுவலகம் பெருமையடித்துக்கொண்டது. ராஜம்மா அந்தத் துண்டைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்டு கோயிலில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினார். "அங்க தொரை கெடையாதாம்" என்பதை அர்ச்சகரிடம்கூடச் சொன்னார்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மெக்சிகோவில் அந்தப் பழைய நகரங்கள் இருந்த வெராக்ரூஸ் மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருத்தி, விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையதளத்தில் எழுதினாள். கோபமாகக்கூட எழுதவில்லை. எங்கள் மரத்தை இப்படி வெட்ட முடியாது என்றாள். எங்கள் மரத்தில் ஆழமாகக் கீறினால் பால் ஒரேயடியாகக் கொட்டிவிடும். பிறகு பல மாதம் அதைத் தொடாமல் விட வேண்டும். தினமும் வெட்டினால் அது கொடுக்காது. நீங்கள் காட்டும் சாய்வு வெட்டு பிரேசிலிலிருந்து போன வேறொரு மரத்துக்கு, நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது. தோட்டக் கூலிகளை வைத்துத் தினமும் பால் எடுப்பதற்காக வந்த வெட்டு அது. எங்கள் முன்னோர்களின் கையில் கூலியின் கத்தியைக் கொடுத்துவிட்டீர்களே.

நர்மதா அதை அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்து படித்தாள். ஒரு சொல்லைத் திரும்பப் படித்தாள். சிங்கப்பூரில். வருடக்கணக்காகத் தினமும் பாலம் தாண்டிப் போய் வேலை பார்த்த ஊரில். ஒரு விடுமுறை நாளில் அம்மாவை அந்த வெள்ளைக்காரர் மரம் வளர்த்த பூந்தோட்டத்துக்குக்கூடக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே நின்ற ரப்பர் மரத்தைப் பார்த்து ராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளை அதிகம் அடித்தது 'கூலி' என்ற சொல் இல்லை. அந்த மரத்தைத் தினமும் வெட்ட முடியாது என்பதுதான். அப்படியென்றால் அந்த மக்கள் இருட்டில் எழுந்து ஓடவே இல்லை. நிரை கிடையாது, பெரட்டு கிடையாது. அவர்களின் மரமே அதற்கு இடம் கொடுத்திருக்காது. அவள் தேடியது அங்கே முழுசாக இருந்தது. இவளே போய் அதன் நடுவில் தோட்டத்தைக் கொண்டு நட்டுவிட்டாள். துரையை வெளியே நிறுத்தியதாக நினைத்தாள். துரையின் வெட்டு அம்மாவின் கைக்குள் இருந்தது. ரப்பரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றாளே, துரைமார் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆசிரியை எழுதியதை வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் மரியாதையாகச் சொன்னதை இவர்கள் கேலியாக்கினார்கள். அந்த அண்ணாந்து பார்க்கும் பெண்ணைத் துண்டாக வெட்டியெடுத்து, அவள் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரனை ஒட்டி உலகம் முழுக்க அனுப்பினார்கள். நர்மதா ஒவ்வொன்றையும் பார்த்தாள். பார்க்காதீங்கக்கா என்று லோஷினி சொல்லியும் கேட்கவில்லை.

"ரெண்டே வாரம் குடுக்கச் சொல்லுங்க பாஸ்" என்று கமலநாதனிடம் கெஞ்சினாள். "வெட்டு மட்டும்தான் தப்பு. மத்தது எல்லாம் சரியா இருக்கு. அந்த டீச்சர்கிட்டயே கேட்டு மாத்துறேன். அவங்களுக்கு எழுதிட்டேன், பதிலும் போட்டாங்க, ஒதவி செய்றேன்னு சொல்றாங்க."

கமலநாதன் அவளை நேராகப் பார்க்கவில்லை. "நான் சொல்லிப் பாத்துட்டேன் நர்மதா. அவங்களுக்குத் தலவலி வேணாமாம். மாயாவ வேற கிளைக்குக் குடுத்துட்டாங்க."

"அப்போ ஓல்மெக்?"

"சுடா லா, முடிஞ்சிபோச்சி. விட்டுடுங்க."

அவ்வளவுதான். கல் தலை போனது, ஊற்று போனது, மேற்பார்வை வீடு வேண்டாத அந்த விதி போனது. அந்தப் பேராசிரியருக்கு எழுதினாள். அவர் வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரு வரியும் வரவில்லை. கிளைக்குப் பழையபடி கோழிக்கூண்டுகள் வந்தன. வீட்டில் ராஜம்மா தினமும் கேட்டார், "எப்ப வருது என் படம்?" என்று. வரும்மா, வரும்மா என்று நர்மதா தள்ளிப்போட்டாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மழைக்காலம் வந்தது. தலைமை அலுவலகம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குப் புதிய கட்டடங்கள் சேர்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்று ரப்பர்த் தோட்டம். கமலநாதன் நர்மதாவின் மேசைக்கு வந்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார்.

"அந்த வெட்டுற அனிமேஷன் சும்மாதான கெடக்கு, அத இதுல போடச் சொல்றாங்க. இதுக்கு அது கரெக்டுதான?"

கரெக்டுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மரம் சரி, வெட்டு சரி, மங்கு சரி, காலம் சரி.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா லோஷினிகிட்டக் குடுத்துடுறேன்" என்றார் கமலநாதன்.

"வேணாம். நானே செய்றேன்."

அம்மாவின் மேல் வேறு ஒருத்தர் கை வைப்பதைவிடத் தன் கை பரவாயில்லை என்று நினைத்தாள். கல் கத்தியை எடுத்துவிட்டு இரும்புக் கத்தி கொடுத்தாள். உடுப்பை மாற்றினாள். நிரை போட்டாள். பக்கத்தில் மேற்பார்வை வீடு வைத்தாள்; மற்ற எல்லாரையும்போல இவர்களுக்கும் அது வேண்டும் என்பது விதி. அனுப்பிய பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது. வேலையாள் மிகவும் மெதுவாக இருக்கிறாள், வேகப்படுத்தவும். வெட்டிய பின் அவள் ஏன் மேலே பார்க்கிறாள்? தேவையில்லை, நீக்கவும்.

வேகப்படுத்தினாள். மேலே பார்ப்பதை நீக்கினாள். இந்தத் தடவை பேராசிரியருக்கும் அனுப்பினார்கள். ஒரு திருத்தமும் இல்லை, வெகு துல்லியம், பாராட்டுகள் என்று அவர் எழுதியிருந்தார்.

விளையாட்டு வெளிவந்தது. அன்று சாயங்காலம் நர்மதா வேலை முடிந்து வந்து, கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது? "ம்மா, ஒன் படம் வந்துருச்சி" என்றாள்.

ராஜம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். திரையில் பச்சை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. சின்னச் சின்ன உருவங்கள் குனிந்து, வெட்டி, மங்கைத் திருப்பி, அடுத்த மரத்துக்கு ஓடின. ஒன்றல்ல, நாற்பது ஐம்பது ராஜம்மாக்கள்.

"நான்தான்! பாத்தியா, அந்தத் தோளு என் தோளு" என்று கைதட்டினார். பிறகு அவர் முகம் சுருங்கியது. திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் இப்டி வெட்டலியேடி. ரெண்டாவது வாட்டி நிதானமா வெட்டுனேனே. மேல பாத்தேனே. ஏன் இப்டி ஓடுறேன்?"

நர்மதா மன்னிச்சுடும்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ராஜம்மாவின் கண் மேட்டின் மேல் இருந்த வெள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. சாய்ந்த கூரை, முன்னால் ஒரு கொடிக்கம்பம்.

"தொரை வந்துட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா. வந்துட்டாரு."

ராஜம்மா மடித்துப் போட்டிருந்த காலைக் கீழே இறக்கி, நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.